ஞானையன் சேட்டனுக்கு மூன்று கறுப்புத் துணி

விருச்சிகம் ஒண்ணாம் தேதி, அதாவது கார்த்திகை பிறந்த அன்று, என் அறுபத்தேழாவது வயதில், நான் முதன்முதலாகச் சபரிமலைக்கு மாலை போட்டேன். கறுப்பு முண்டு, கறுப்புத் துண்டு, நெற்றி நிறைய திருநீறு. கன்னிச்சாமி.

பாறசாலைப் பக்கம் எங்கள் ஊரே மெச்சியது. தாலுகா ஆபீஸில் முப்பத்திரண்டு வருஷம் குப்பை கொட்டி ரிட்டயர் ஆன சிவதாணு சாருக்கு இப்போதாவது நல்ல புத்தி வந்ததே என்று மெச்சியது. பக்கத்து வீட்டுச் சுனில்குமார் பதினெட்டு தடவை மலை ஏறிய குருசாமி. அவரே என் காலைத் தொட்டு "சாமி சரணம்" என்றார். எனக்குக் கூச்சமாக இருந்தது.

உண்மையை உங்களிடம் மட்டும் சொல்கிறேன். பக்தி இருந்தது, இல்லாமல் இல்லை. ஆனால் அந்தப் பக்திக்கு அடியில் ஒரு துணி இருந்தது.

கர்க்கடகத்தில், அதாவது ஆடியில், எனக்கு ஒரு ஆபரேஷன். அறுபது தாண்டிய ஆண்களுக்கு வருகிற அந்தச் சுரப்பிச் சமாசாரம். டாக்டர் கெட்டிக்காரர், நன்றாகத்தான் செய்தார். "கொஞ்ச நாளைக்கு உறக்கத்தில் கட்டுப்பாடு இருக்காது, பயப்படாதீங்க, சரியாகிவிடும்" என்றார். கொஞ்ச நாள் என்றால் எத்தனை நாள் என்று நான் கேட்கவில்லை. ஆபீஸில் இதே வார்த்தையைச் சொல்லி எத்தனை பேரை எத்தனை வருஷம் நடக்க விட்டிருக்கிறேன்!

வீட்டுக்கு வந்த முதல் நாள் விடியற்காலை படுக்கை நனைந்திருந்தது. பக்கத்தில் மரகதவல்லி. முப்பத்தெட்டு வருஷ மனைவி. நல்லவேளை, தப்பிக்க ஒரு வழி கட்டிலிலேயே கிடந்தது. மூட்டுவலிக்கு அவள் ஒரு சுடுதண்ணிப் பை வைத்துக்கொண்டு படுப்பாள். அது அடிக்கடி ஒழுகும். இந்த நாலு வருஷத்தில் நானே மூன்று பை மாற்றி வாங்கிக் கொடுத்திருக்கிறேன்.

"மரகதம், உன் பை பின்னயும் ஒழுகியிருக்கு பாத்துக்க" என்றேன்.

அவள் என்னை ஒரு பார்வை பார்த்தாள். "ஒழுகியிருக்கும்" என்றாள். விரிப்பை உருவிக்கொண்டு போனாள்.

இரண்டாம் முறை, ஓடு ஒழுகுகிறது என்றேன். எங்கள் வீடு கான்கிரீட். மூன்றாம் முறை பூனை என்றேன். எங்கள் வீட்டில் பூனை கிடையாது. அவள் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் எனக்குக் குழப்பம். மீன்குழம்பில் ஒரு கல் உப்புக் குறைவு என்று சொன்னதற்கு என் பரம்பரையையே இழுக்கிறவள் இதற்கு ஏன் பேசாமல் இருக்கிறாள்?

அப்போதுதான் ஆஸ்பத்திரிச் சுவரில் ஒரு நோட்டீஸ் பார்த்தேன். பெண்கள் சேர்ந்து நடத்துகிற ஒரு தையல் யூனிட். முதியவர்களுக்கு இரவில் உடுத்துகிற துணி உள்ளாடை. பல அடுக்குப் பருத்தி, வெளியே நீர் கசியாத ஒரு படலம், துவைத்துத் துவைத்துத் திரும்பவும் உடுத்தலாம். கீழே ஷைனா என்று ஒரு பெயரும் வாட்ஸ்ஆப் நம்பரும்.

வாங்குவது எளிது. துவைத்து எங்கே காயப்போடுவது? நல்ல வெயிலில் காய வேண்டும் என்று நோட்டீசிலேயே போட்டிருந்தது. வெயில் அடிக்கிற இடமெல்லாம் மரகதத்தின் கண்ணும் அடிக்கும்.

மூன்று நாள் யோசித்தேன். நாலாம் நாள் பளிச்சென்று வந்தது: மாலை! மாலை போட்டவன் தனி அறையில் பாய் விரித்துப் படுக்கலாம். விடியுமுன் குளிக்கலாம். தன் துணியைத் தானே துவைக்கலாம். அது தனிக் கயிற்றில் காயும், யாரும் தொட மாட்டார்கள். எல்லாம் கறுப்பு. கறுப்போடு கறுப்பாக இன்னொரு கறுப்பு யார் கண்ணில் படும்? இந்த மூளையை வைத்துக்கொண்டு யு.டி. கிளார்க்காகவே ரிட்டயர் ஆனேனே என்று வருத்தப்பட்டேன்.

பழைய போனில் ஒரு புது சிம் போட்டேன். டைப் அடிக்க வராது என்பதால் வாய்ஸ் மெசேஜ். குரலைக் கட்டையாக்கிக்கொண்டு, "ஞான் ஞானையன், குளத்தூர். கறுப்பு நிறத்தில் மூணு எண்ணம் வேணுமாக்கும். இடுப்பு முப்பத்தாறு" என்றேன். எங்கள் ஆட்கள் யாரும் வைத்துக்கொள்ளாத கிறிஸ்தவப் பெயராகத் தேடிப் பிடித்தேன்.

குளத்தூர் டீக்கடையில் பார்சல் வந்து கிடந்தது. போட்டுப் பார்த்தேன். அளந்து தைத்த மாதிரி பொருந்தியது. இத்தனைக்கும் முப்பத்தாறு என்பது என் கல்யாணத்தின்போது இருந்த இடுப்பு.

வீட்டின் பின்னால் பலா மரத்துக்கும் கிணற்றுக்கும் நடுவே கயிறு கட்டினேன்.

"மரகதம், இது விரதத் துணிக்கு உள்ள கயிறு. யாரும் தொடப்படாது."

"நானுமா?"

"நீயும்தான்."

"சரி சுவாமி" என்றாள். அவ்வளவு பணிவு எனக்குப் பிடிக்கவில்லை. பழக்கமில்லாதது.

முதல் வாரம் ராஜ வாழ்க்கை. நிம்மதியாக உறங்கினேன், பாய் காய்ந்திருந்தது. மத்தியானம் மரகதம் வழக்கம்போலத் தையலுக்குப் போய்விடுவாள். இரண்டு வருஷமாகப் போகிறாள். பள்ளிக்கூட யூனிபாரம் தைக்கிறார்கள் போலிருக்கிறது. நான் சுதந்திரமாகத் துணியை மடித்துப் பெட்டியில் வைப்பேன்.

பிறகு குழப்பம் ஆரம்பித்தது. காலையில் நான் கயிற்றில் போட்டது ஒன்று. சாயங்காலம் எடுக்கப் போனால் இரண்டு. சரி, நேற்றையதை எடுக்க மறந்திருப்பேன் என்று இரண்டையும் பெட்டியில் வைத்தேன். எண்ணினேன். நாலு! வாங்கியது மூன்று. மறுநாள் எண்ணினால் மூன்று. அதற்கு மறுநாள் நாலு. துணி குட்டி போடுமா? போட்டாலும் குட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்ளுமா? சரண கோஷம் போடும்போதுகூட மனசுக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன்.

அடுத்தது இன்னும் மோசம். துணி மணக்கட்டுமே என்று, துவைத்து முடித்து ஊற்றுவார்களே, அந்த வாசனைத் திரவத்தை ஒரு மூடி ஊற்றினேன். அன்று இரவு துணி குடிக்க மறுத்துவிட்டது. பாய் நனைந்தது. ரோஜா மணத்தோடு நனைந்தது. மறுநாள் காலை பத்து மணிக்கு ஷைனாவின் நம்பரிலிருந்து மெசேஜ்: "ஞானையன் சேட்டா, துணிக்கு மணத்துக்குள்ள லிக்விட் ஊத்தாதீங்க. ஊத்தினா தண்ணி பிடிக்காது. சுடுதண்ணியில ரெண்டு தடவ அலசிக் காயப்போடுங்க."

நான் யாரிடமும் சொல்லவில்லையே! துணிக்குள் கேமரா கீமரா வைத்துத் தைத்திருக்கிறார்களா? தையலைப் பிரித்துப் பார்த்தேன். பருத்திதான் இருந்தது. சாயங்காலம் பார்த்தால் நான் பிரித்த தையல் தைக்கப்பட்டிருந்தது. அன்று நூற்றெட்டு சரணம் கூடுதலாகச் சொன்னேன்.

இந்த நிலைமையில் எர்ணாகுளத்திலிருந்து மகள் ஆனந்தலட்சுமி போன் செய்தாள். பேத்திக்கு ஆறு மாசம் ஆகிறது, சோறூணு வைக்க வேண்டும், அப்பா வந்து நாலு நாள் தங்க வேண்டும் என்றாள். பேத்தியை நான் போனில் பார்த்ததோடு சரி. அவளை மடியில் வைத்து முதல் சோறு ஊட்ட எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? ஆனால் மருமகன் வீட்டு மெத்தை! அங்கே எந்தப் பூனையைச் சொல்வேன்?

"மாலை போட்டிருக்கேன் மக்களே, வேற வீட்ல தங்கப்படாது" என்றேன். போனை வைத்தபோது கண் கலங்கியது. மரகதம் பார்த்துக்கொண்டிருந்தாள்.

மறுநாள் காலை குளித்துவிட்டு வருகிறேன், எதிரே மரகதம். கறுப்புச் சேலை. கழுத்தில் துளசி மாலை.

"இதென்ன கோலம்?"

"நானும் மாலை போட்டாச்சு. அறுபத்தொண்ணு வயசாச்சுல்லா, மாளிகைப்புறமாட்டுப் போகலாம். பிள்ளைக்குச் சோறூணு சபரிமலையில வச்சுத்தான். மருமகன் பம்பைக்குக் கொண்டு வருவார். சுனில்குமாருக்க வேன்ல பதினாலு பேரு. ரெண்டு ராத்திரி."

"எனக்கு நாப்பத்தொண்ணு நாள் அதுக்கு முன்னயே முடிஞ்சிருமே!"

"எனக்கு முடியாண்டாமா? தனு மாசக் கடைசியிலதான் போறோம். ஒரு பதினஞ்சு நாள் கூட இருந்தா சாமி ஒண்ணும் கோவிக்க மாட்டார்."

மாலை போட்டவன் மலைக்குப் போக வேண்டும் என்கிற சின்ன விஷயத்தை நான் யோசிக்கவே இல்லை. வழியில் வரிசையாகப் பாய் விரித்துத் தோளோடு தோள் உரச உறங்குவார்கள். குருசாமிக்கும் எனக்கும் நடுவில் ஒரு சாண் இடம்கூட இருக்காது. பதினெட்டு தடவை மலை ஏறியவரை நான் நனைத்தால் அந்தப் பாவம் என்னை எந்த நரகத்தில் சேர்க்கும்?

கிளம்புகிற அன்று எனக்கு வயிற்றுவலி வந்தது. வரவழைத்தேன். பாயில் சுருண்டு படுத்தேன்.

மரகதம் வந்து நின்றாள். "எந்தப் பக்கம் வலிக்கு சுவாமி?"

"ரெண்டு பக்கமும்."

"காலம்பற ஏழு தோசை தின்ன வயிறாக்கும். எழும்புங்கோ. மூணு மணிக்கு வேன் வரும்."

ஒரு கறுப்புப் பையை என் முன்னால் வைத்தாள். திறந்தேன். உள்ளே துவைத்து மடித்த மூன்று துணி. புதிதாக இரண்டு. பாய்மேல் விரிக்கிற ஒரு கறுப்பு விரிப்பு. நனைந்ததைப் போட்டு வாயைக் கட்ட ஒரு சுருக்குப் பை. மேலே ஒரு சீட்டு: "ஞானையன் சேட்டன், குளத்தூர். இடுப்பு நாற்பது." முப்பத்தெட்டு வருஷம் மளிகை லிஸ்டில் பார்த்த கையெழுத்து.

சீட்டைத் தூக்கிப் பிடித்தேன். "இது... ஷைனா..."

"ஷைனா தைப்பா. அளந்து வெட்டுது நானாக்கும்."

"நீ யூனிபாரம்லா தைக்கப் போற?"

"அப்படி யாரு சொன்னா? ரெண்டு வருஷத்துல என்ன தைக்கேன்னு என்னைக்காவது கேட்டியளா?"

கேட்கவில்லை.

"எப்படிக் கண்டுபிடிச்ச?"

"வாய்ஸ் மெசேஜ் அனுப்பினா முப்பத்தெட்டு வருஷமாட்டுக் கேக்குத சத்தம் எனக்குத் தெரியாதா? பின்ன, காலையில கிணத்தடி முழுக்க ரோஜாப்பூ மணம்! ஷைனாவ விளிச்சு, ஞானையன் சேட்டனுக்கு ஒரு மெசேஜ் போடுன்னு சொன்னேன்."

"ஐயோ, ஷைனாவுக்குத் தெரியுமா?"

"தெரியாது. ஞானையன்னு ஒரு பாவப்பட்ட சேட்டன் உண்டுன்னு நம்பிட்டிருக்கா. ஞாயிறு சர்ச்சில உங்களுக்காட்டு ஜெபிக்கவும் செய்யுதா." பக்கத்தில் உட்கார்ந்தாள். "வேன்ல என் பக்கத்து சீட்டு உங்களுக்கு. ரெண்டு மணிக்கூருக்கு ஒருக்கா நிறுத்தணும்னு குருசாமிகிட்ட சொல்லியாச்சு. எனக்குத்தான் வேணும்னு சொன்னேன். ராத்திரி நீங்க ஓரத்துப் பாய். பிள்ளைக்குச் சோறு கொடுக்கது நீங்கதான், வேற ஆளில்ல."

என் மானத்தைக் காப்பாற்ற இவள் தன் பேரைக் கொடுத்திருக்கிறாள். அஞ்சு மாசமாக இவளிடமா ஒளிந்து விளையாடினேன்! கையைப் பிடித்துக்கொண்டேன். மாலை போட்டிருப்பது நினைவு வந்து விட்டுவிட்டேன்.

எல்லாம் விளங்கியது. ஒன்றைத் தவிர.

"மரகதம், கயிற்றில ஒண்ணு கூடிட்டே இருந்துதே. மூணு நாலாகும், பின்ன மூணாகும். அது என்ன கணக்கு?"

"அந்த நாலாவது எனக்குள்ளது."

"உனக்கா?"

"யாரும் தொடப்படாதுன்னு நல்ல வெயில்ல கயிறு கட்டித் தந்தியளே, எனக்கும் சௌகரியமாட்டு இருந்து. அதையும் நீங்க எடுத்து மடிச்சுப் பெட்டியில வச்சா நான் என்ன செய்ய?"

"உனக்கு... எப்பம் முதல்?"

"நாலு வருஷமாட்டு."

"ஒரே கட்டில்லயா?"

"ஒரே கட்டில்லதான்."

வாசலில் வேன் ஹாரன் அடித்தது. அவள் எழுந்தாள். என் பையின் வாயைக் கட்டித் தோளில் மாட்டிவிட்டாள். கதவருகே போனவள் திரும்பினாள்.

"அந்தச் சுடுதண்ணிப் பை ஒருநாளும் ஒழுகினதில்ல, கேட்டியளா. நீங்க வாங்கித் தந்த மூணும் புதுசாட்டே பரணில இருக்கு."