நாரைகள் வந்துவிட்டன, தாங்கள் வர வேண்டாம்

"நாரைகள் வந்துவிட்டன. கூடு கட்டுகின்றன. தாங்கள் வர வேண்டாம். மற்றவை நலம்."

என்னிடம் உள்ள அஞ்சலட்டையின் ஒரு பக்க வாசகம் முழுவதும் இதுதான். தபால் முத்திரையில் ஆண்டின் கடைசி இலக்கம் கரைந்து, 1 போலவும் தெரிகிறது, 7 போலவும் தெரிகிறது. என் நாட்குறிப்போடு ஒப்பிட்டு 1981 என்று முடிவு செய்திருக்கிறேன். அப்படியானால் இந்த அட்டைக்குக் காரணமான சம்பவம் நடந்தது 1980 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை. எழுதியவர் பெரியகருப்பன், திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு கண்மாய்க்கரை ஊரின் தலைவர். ஊர்ப் பெயரை நான் எங்கும் எழுதக் கூடாது என்பது அவர் விதித்த இன்னொரு நிபந்தனை.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. திருநகரில் குடியிருந்தேன். இயற்கையைக் காப்பாற்ற ஒரு சங்கம் வைத்திருந்தேன். அதற்காக முதலில் செய்தது ரப்பர் ஸ்டாம்ப். பிறகுதான் உறுப்பினர்களைத் தேடினேன். கூட்டத்துக்கு இரண்டு பேர் வருவோம். செயலாளர் என்ற முறையில் நானும், எங்கள் வீட்டு மிக்சருக்காக இன்னொருவரும்.

மதுரையில் ஒரு பூங்காவின் மூலையில் சின்னதாக ஒரு மிருகக்காட்சிசாலை இருந்தது. நாலு மான், சில மயில், சோம்பல் பிடித்த ஒரு மலைப்பாம்பு. அங்கே பராமரிப்பாளராக இருந்தவர் காசி அண்ணன். முந்தைய வருடம் அந்தக் கண்மாய்க்கரை ஊரிலிருந்து ஒருவர் கூடையில் ஒரு நத்தைக்குத்தி நாரைக் குஞ்சைக் கொண்டுவந்து அவரிடம் கொடுத்துவிட்டுப் போனார். மரத்திலிருந்து விழுந்த குஞ்சு. இறக்கை முறிந்திருந்தது, வலது காலில் நடுவிரல் இல்லை. காசி அண்ணன் கட்டுப் போட்டு வளர்த்தார். நத்தையைத் தவிர வேறெதையும் அது தொடவில்லை. எனவே ஊர்க்காரர்கள் வாரம் ஒரு தகர டப்பா நிறைய நத்தை பிடித்துப் பஸ்ஸில் அனுப்பினார்கள். (ஒரு முறை மூடி கழன்று, மதுரை ஆரப்பாளையம் பஸ் நிலையம் போவதற்குள் டிரைவர் சீட்டு வரை நத்தை ஏறிவிட்டதாகக் கேள்வி.) ஒரு வருடத்தில் நாரை தேறிவிட்டது. கொண்டுபோய் அதே கண்மாயில் விட வேண்டியதுதான் பாக்கி.

காசி அண்ணனின் திட்டம் எளிமையானது. கூடையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுவது, திறந்துவிடுவது, அடுத்த பஸ்ஸில் திரும்புவது.

எனக்கு அது பொறுக்கவில்லை. இவ்வளவு பெரிய விஷயத்தை ஒரு விழாவாக நடத்தாமல் விடுவதா? மதுரையில் பிறந்தவன் நான். மைக்செட் இல்லாமல் இங்கே காதுகுத்துகூட நடக்காது. ஒரு வேன் பிடித்தேன். ஏழு பேர் கொண்ட கல்யாண பேண்டு செட்டைச் சேர்த்துக்கொண்டேன். "பறவைகளைப் பாதுகாப்போம்" என்று துணியில் எழுதி வேனின் முன்பக்கம் கட்டினேன். கிராமத்தாருக்கு விழிப்புணர்வு ஊட்ட நான்கு பக்க உரையும் தயார்.

வேனில் போகும்போது காசி அண்ணன் இரண்டு முறை பேச வாயெடுத்தார்.

"தம்பி, அந்த ஊர்ல ஒரு பழக்கம்..."

"நன்றியுரையில உங்க பேரும் இருக்குண்ணே."

"அதுக்கில்ல தம்பி. அங்க வந்து..."

"மாலையும் இருக்குண்ணே."

காசி அண்ணன் மடியில் இருந்த கூடையைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

கண்மாய்க் கரை ஏறியபோது மணி பத்து நாற்பது. (குறித்திருக்கிறேன்.) தண்ணீருக்குள் நின்ற கருவேல மரங்கள் ஒவ்வொன்றிலும் நாரைகள். கிளை கொள்ளாமல் கூடுகள். பேண்டு மாஸ்டரிடம் ஆரம்பிக்கச் சொன்னேன். கிளாரினெட் ஒரு சினிமாப் பாட்டை எடுத்தது. பெரிய டிரம்மில் அடி விழுந்தது.

ஊருக்குள்ளிருந்து நாற்பது ஐம்பது பேர் எங்களை நோக்கி ஓடிவந்தார்கள். ஆண்கள் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்துத் தலைக்குமேல் வீசி வீசி ஓடிவந்தார்கள். பெண்கள் முந்தானையை வீசினார்கள். இப்படி ஒரு வரவேற்பை நான் கனவிலும் எதிர்பார்க்கவில்லை. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை என்பதைக் கவனித்தேன். அதையும் மரியாதை என்று எடுத்துக்கொண்டேன். வேன் படியில் நின்று அவர்களுக்குக் கையசைத்தேன்.

"மாஸ்டர், ஜனங்க குஷியாயிட்டாங்க. இன்னும் கொஞ்சம் தூக்கி வாசிங்க."

தூக்கி வாசித்தார்.

பத்து நாற்பத்துமூன்றுக்குக் கண்மாய் முழுவதும் ஒரே நேரத்தில் எழுந்தது. தலைக்குமேல் இறக்கைச் சத்தத்தைத் தவிர எதுவும் கேட்கவில்லை. அதற்குள் முதல் ஆள் வந்து சேர்ந்து, கிளாரினெட்டின் வாயில் துண்டைத் திணித்துவிட்டார். அவர்தான் பெரியகருப்பன்.

சத்தம் போடக் கூடாத ஊரில் நீங்கள் திட்டு வாங்கியிருக்கிறீர்களா? ஒவ்வொருவராக வந்து, என் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, ரகசியம் சொல்வதுபோலத் திட்டிவிட்டு, அடுத்தவருக்கு இடம்விட்டு நகர்ந்தார்கள். தலைவர் கடைசியில் வந்தார்.

"எங்க ஊர்ல தீவாளிக்கு வெடி கிடையாது. கல்யாணத்துக்கு மேளம் கிடையாது. எம் மக கல்யாணத்தையே திருமங்கலத்துல போய் வச்சேன். பறவையக் காப்பாத்தணும்னு எங்களுக்குச் சொல்லித்தர நீ பேண்டு செட்டோட வந்திருக்க."

என் கையிலிருந்த உரையை வாங்கிப் படித்தார். முதல் வரியில் விரலை வைத்து என்னிடம் காட்டினார். "அறியாமையில் வாழும் கிராமத்து மக்களே" என்று இருந்தது.

"இது யாருய்யா?"

பதற்றத்தில் கைக்கடிகாரத்தைப் பார்த்தேன்.

"என்ன, பஸ்ஸுக்கு நேரமாச்சோ?"

பேச்சியம்மாள் என்ற ஒரு பெண்தான் விஷயத்தை எனக்குப் புரியவைத்தார். "கூட்டுல இருக்கிறது அம்புட்டும் இறக்கை முளைக்காத குஞ்சு. ஆத்தாக்காரி இறக்கைய விரிச்சு நிழல் குடுக்கணும். உச்சி வெயிலுக்குள்ள இறங்கலேன்னா வெந்துபோகும். மிச்சத்தக் காக்கா பாத்துக்கும்." அவர்கள் பதறியது அந்தக் குஞ்சுகளுக்காக மட்டுமல்ல, பறவை எச்சம் கலந்த கண்மாய்த் தண்ணீர்தான் அவர்கள் வயலுக்கு உரம். ஒரு வருடம் பயந்து போனால் மறு வருடம் திரும்பி வருமா என்று யாருக்கும் தெரியாது.

நாங்கள் எல்லோரும் கரையில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தோம். சிவப்புக் கோட்டுப் போட்ட ஏழு பேரும் வரிசையாக உட்கார்ந்தார்கள். மாஸ்டருக்கு இருமல் வந்தது. கோட்டைத் தலைக்குமேல் போர்த்திக்கொண்டு உள்ளே இருமினார். நாரைகள் மேலேயே சுற்றின. மரத்தில் காக்கைகள் ஒவ்வொன்றாக வந்து அமர்ந்தன. பதினொன்றரை ஆனது. என் வாழ்க்கையில் நான் வாய்மூடி உட்கார்ந்த மிக நீண்ட நேரம் அதுதான்.

காசி அண்ணன் கூடையோடு எழுந்தார்.

"இவன விட்டுப் பாப்போம்" என்று தலைவரிடம் கிசுகிசுத்தார்.

"பேண்டு சத்தத்துல இதுவும் மிரண்டிருக்குமேப்பா."

"இவனா? ஞாயித்துக்கெழம கூட்டத்துலயே வளந்தவன். ரேடியோ இல்லாட்டித்தான் இவனுக்குத் தூக்கம் வராது."

முழங்கால் தண்ணீரில் இறங்கிக் கூடையைத் திறந்தார். நாரை வெளியே வந்தது. எங்களை ஒரு பார்வை பார்த்தது. பெரிய டிரம்மையும் பார்த்தது. பிறகு தன் சொந்த வீட்டுச் சமையலறையில் நிற்பதுபோலச் சாவகாசமாக நத்தை தேட ஆரம்பித்தது. ஒன்றைக் குத்தித் தின்றது. இன்னொன்று. நாலடி நடந்தது.

பதினொன்று ஐம்பதுக்கு, மேலே சுற்றிய நாரைகளில் ஒன்று அதன் பக்கத்தில் வந்து இறங்கியது. பிறகு இரண்டு. பன்னிரண்டேகாலுக்குள் மரங்கள் மறுபடி நிறைந்துவிட்டன. யாரும் கைதட்டவில்லை. பேச்சியம்மாள் மட்டும் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்து போனார். எத்தனை குஞ்சுகள் தப்பின, எத்தனை போயின என்று கேட்கும் தைரியம் எனக்கு இல்லை. (நாட்குறிப்பில் அந்த இடம் காலியாக இருக்கிறது.)

வேனை ஸ்டார்ட் செய்ய விடவில்லை. கரை தாண்டும்வரை தள்ளிக்கொண்டு போனோம். டிரம்மைத் தலையில் சுமந்தவன் நான். சங்கத்தின் பெயரில் அன்று நிறைவேறிய ஒரே நிகழ்ச்சி அதுதான். சங்கம் அத்தோடு முடிந்தது. ரப்பர் ஸ்டாம்ப் மட்டும் இருக்கிறது. மிருகக்காட்சிசாலைக்கும் அந்த ஊருக்கும் இருந்த ஏற்பாடு எந்த விழாவும் இல்லாமல் பல வருடம் நடந்தது. விழுந்த குஞ்சு மதுரைக்கு, நத்தை டப்பா பின்னாலேயே.

திருமணமான புதிதில் இந்தக் கதையை என் மனைவியிடம் சொன்னது நான் செய்த இரண்டாவது தவறு. இன்றும் வீட்டுக்கு வந்தவர்களிடம் நான் எதையாவது விளக்க ஆரம்பித்தால், சமையலறையிலிருந்து ஒரு கைப்பிடித் துணி மேலே எழுந்து சத்தமில்லாமல் இரண்டு வீச்சு வீசும். என் மகள் தலையணை உறையை வீசுவாள். பேரன் ஜட்டியை வீசுகிறான்.

அஞ்சலட்டையின் மறுபக்கம், முகவரிக்கு அடியில், வேறு மையில் நெருக்கி ஒரு வரி உண்டு: "ஒன்று மட்டும் வலது காலில் விரல் குறைவாகத் தெரிகிறது, தண்ணீருக்குள் நிற்பதால் உறுதியில்லை, காசியிடம் சொல்லவும்." சொன்னேன். அவர் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "நம்ம பயதான்" என்றார். ஆனால் காலண்டரில் அச்சடித்த நாரையைப் பார்த்தும் அவர் அதையேதான் சொன்னார் என்பதால், அதைச் சான்றாகப் பதிவுசெய்ய முடியவில்லை. நேரில் போய்ச் சரிபார்க்க வேண்டியவன் நான். எனக்கு வர வேண்டாம் என்று எழுத்தில் இருக்கிறது. எனவே அந்த நாரை எங்கள் நாரைதானா என்பது இன்றுவரை உறுதிசெய்யப்படாத தகவல்.