அக்டோபரில் அழைக்கப்பட்ட நடிகர்

மனிதரில் எத்தனையோ ரகம் உண்டு. அதில் மேடையிலும் படத்திலும் ஒருசேர நடிக்கிற ஜெர்மன் நடிகர் தனி ரகம். எங்கள் ஊர் நாடக அரங்கில் வசனம் மறந்தவர்களுக்கு எடுத்துக்கொடுக்கிற வேலை எனக்கு. மேடையின் முன்குழியில் உட்கார்ந்து இந்த ரகத்தை வருஷக்கணக்காகக் கீழிருந்து பார்த்தவள், நம்பிப் படிக்கலாம்.

அரங்கத்து உணவகத்தில் பருப்பு சூப்பை உறிஞ்சிக்கொண்டே, "படமா? அது வயித்துப் பிழைப்பு. மேடைதான் மூச்சு" என்பார். ஞாயிற்றுக்கிழமைத் துப்பறியும் படத்தில் ஆற்றங்கரைப் பிணமாகக் கிடந்துவிட்டாலோ, தூரத்துச் சொந்தம், பல் டாக்டர், பழைய காதலி என்று ஒருவர் விடாமல் போன் போட்டு, "முதல் காட்சியே நான்தான், தவறவிட்டுடாதீங்க" என்பார். படப்பிடிப்பில் இயக்குநரிடம், "மேடையில நாங்க பிணத்தை இப்படிச் செய்யமாட்டோம்" என்று வாதாடுவார். பிணத்தில் செய்வதற்கு என்ன இருக்கிறது? கேட்டுவிடாதீர்கள், சூப் ஆறிவிடும்.

முதல் காட்சிக்கு முன்னால் சக நடிகர்கள் இடது தோளுக்கு மேல் மூன்று முறை துப்புவதுபோல் பாவனை செய்து வாழ்த்துவார்கள். அதற்கு நன்றி சொல்லக் கூடாது, சொன்னால் நாடகம் படுத்துவிடும். இந்த விதியை நம்மவர் உயிராகக் காப்பார். மற்ற எதற்கும்கூட நன்றி சொல்லி நான் கேட்டதில்லை.

எங்கள் டெட்லெவ் க்ரும்ஹார் இந்த ரகத்தில் அசல் வித்து. வயது ஐம்பத்து மூன்று, மகள் இன்னும் பள்ளிக்கூடத்தில். எங்கள் அரங்குகளில் ஒரு வழக்கம்: பதினைந்து வருஷம் ஓட்டிவிட்ட நடிகரை அப்புறம் யாராலும் வெளியே அனுப்ப முடியாது. அதனால் அதற்குச் சற்று முன்பே, அக்டோபர் முடிவதற்குள், தலைமை அறைக்குக் கூப்பிட்டு மரியாதையாக வழியனுப்பிவிடுவார்கள். டெட்லெவுக்கு இது பதினாலாவது அக்டோபர். அரங்கத் தலைவி வீப்கே ஓஸ்டர்லோ, "ஒரு நிமிஷம் வந்துட்டுப் போங்க" என்றாள். மனிதருக்கு முகம் செத்துவிட்டது.

"இர்ம்கார்ட், நீயும் வா. ஒரு சாட்சி வேணும்" என்றார் என்னிடம்.

போனேன். தலைவி, "டெட்லெவ், ரொம்ப யோசிச்சு ஒரு முடிவு..." என்று ஆரம்பித்தாள்.

அவ்வளவுதான். அவர் எழுந்தார், கழுத்துத் துணியைச் சரிசெய்தார், சன்னலைப் பார்த்துத் திரும்பினார்.

"நீங்க சொல்ல வேண்டாம், நானே சொல்றேன். இந்தக் கலை செத்த வீட்ல எனக்கு இனி வேலை இல்ல. படம் என்னைக் கூப்பிடுது. நான் விலகுறேன்."

"டெட்லெவ், வாயை மூடு" என்று முணுமுணுத்தேன். என் தொழிலே அதுதானே. ஆனால் எடுத்துக்கொடுத்ததை அவர் என்றைக்குக் காதில் வாங்கினார்?

ஓஸ்டர்லோ பெருமூச்சு விட்டாள். "உங்களை நிரந்தரமா வெச்சுக்கலாம்னு சொல்லத்தான் கூப்பிட்டேன். உக்காருங்க. நீங்க சொன்னது எதையும் நான் கேக்கல, இர்ம்கார்டும் கேக்கல."

"கேக்கவே இல்ல" என்றேன். உட்கார், பாவி மனுஷா, உன் பெண்ணை நினைத்தாவது உட்கார் என்று உள்ளுக்குள் கெஞ்சினேன்.

டெட்லெவின் கை அதற்குள் கதவுப் பிடியில் இருந்தது. அவர் முகத்தில் எல்லாம் ஓடியது: மகள், வீடு, சூப், வயது. சத்தியமாகச் சொல்கிறேன், பதினாலு வருஷத்தில் அவர் நடிக்காமல் இருந்து நான் பார்த்தது அந்த ஒரு நொடிதான்.

பிறகு முதுகை நிமிர்த்தினார். "சொன்னா சொன்னதுதான்" என்று கதவை மெதுவாகச் சாத்திக்கொண்டு போனார்.

நான் பின்னாலேயே ஓடினேன். படிக்கட்டில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார், உதடு வெளுத்திருந்தது.

"இர்ம்கார்ட், உண்மையைச் சொல்லு" என்றார். "கதவைச் சாத்தினது கொஞ்சம் சீக்கிரமோ?"

சிரிக்கிறீர்கள். நல்லது. நீங்கள் நடிகர் இல்லை, ஜெர்மானியரும் இல்லை, உங்களை யாரும் அக்டோபரில் கூப்பிடப் போவதில்லை. அப்படியானால் இன்று காலை குளியலறைக் கண்ணாடி முன் நின்று, உங்கள் மேலதிகாரி இன்னும் கேட்கவே கேட்காத கேள்விக்கு, அவ்வளவு அழகாகப் பதில் சொல்லிக்கொண்டிருந்தது யார்?