ஆர் யூ மேரீட்?

"வாட் இஸ் யுவர் நேம்?" என்று லிஃப்ட்காரர் கேட்டாக வேண்டும். டீச்சர் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார். சிக்கல் என்னவென்றால், எதிர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது அவருடைய சொந்த மனைவி.

வேறு வழியில்லாமல் கேட்டார். அவள் தன் பெயரைத் தயங்கித் தயங்கிச் சொன்னாள். ஏதோ இன்றுதான் முதன்முதலாக அறிமுகமாகிறவர் மாதிரி அவரும் நோட்டில் எழுதிக்கொண்டார்.

நூலக மாடியில் மாலை ஆறு மணிக்கு நடக்கும் இங்கிலீஷ் வகுப்பு அது. வெளிநாட்டில் இருக்கும் மகள் அடுத்த மாதம் கணவனோடு வருகிறாள். மாப்பிள்ளைக்கு இங்கிலீஷைத் தவிர வேறு பாஷை தெரியாது. மாமனார் பேந்தப் பேந்த விழிக்கக் கூடாதே என்று சேர்ந்தார். அதே யோசனை மாமியாருக்கும் வரும் என்று அவர் நினைக்கவில்லை.

இருவரும் பேசி இரண்டு வருஷமாகிறது. பெரிய சண்டை ஒன்றும் கிடையாது. கண் ஆபரேஷன் முடிந்து கட்டோடு அவள் வீட்டில் நடமாடிக்கொண்டிருந்தாள். மூன்றாம் நாள் காலையில்தான் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கி, "கண்ணுல என்ன?" என்று கேட்டார். "அக்கா வீட்டுல பத்து நாள் இருந்துட்டு வரேன்" என்று அன்றைக்குப் போனவள்தான். போனவளுக்கு வரத் தெரியாதா என்று இவருக்கு வீம்பு. கூப்பிட்டால் வரலாம் என்று அவள் இருந்திருப்பாளோ என்னவோ, இவர் கேட்கவில்லை.

"நான் எந்த வீட்டுக்குப்பா வரணும்?" என்று போன வாரம் போனில் மகள் கேட்டாள். "பாக்கலாம்மா" என்றார். பார்க்கத்தான் முடிந்தது, தினமும் ஆறிலிருந்து ஏழு வரை.

வகுப்புக்குள் தமிழ் கூடாது என்பது டீச்சரின் சட்டம். லிஃப்ட்காரருக்குத் தெரிந்த இங்கிலீஷோ நான்கே கேள்விகள். "வாட் இஸ் யுவர் ஜாப்?" என்று கேட்டதற்கு, "ஐ ஆம் எ டெய்லர்" என்றாள். எப்போதிருந்து என்று கேட்க நாக்குத் துடித்தது. அதற்கான இங்கிலீஷ் இல்லை. அந்தக் கடுப்பில், "டெய்லர் இல்ல, டே...ய்லர்" என்று திருத்தினார். அவள் சமர்த்தாகத் திருப்பிச் சொன்னாள்.

மறுநாள் வகுப்புக்கு முன்பே டீச்சரைப் பிடித்தார்.

"டீச்சர், எனக்குக் காது கொஞ்சம் மந்தம். எதிர்ல உக்கார்ற ஆளை மாத்திக் குடுத்தா நல்லாருக்கும்."

"அதுக்கு எதுக்கு சார் ஆளை மாத்தணும்?" என்ற டீச்சர், இரண்டு நாற்காலிகளையும் முழங்கால் இடிக்கிற அளவுக்கு நெருக்கிப் போட்டார்.

அதற்கடுத்த நாள் வேண்டுமென்றே கால்மணி நேரம் தாமதமாக வந்தார். அதற்குள் எல்லோரும் ஜோடி சேர்ந்திருப்பார்கள், தப்பித்துவிடலாம் என்று கணக்கு. வாசலில் வருகைப் பட்டியலோடு உட்கார்ந்திருக்கும் பெண், "சீக்கிரம் போங்க சார், உங்க ஜோடி தனியா உக்காந்திருக்காங்க" என்று விரட்டினாள். நிஜமாகவே அவள் மட்டும் தனியாக உட்கார்ந்திருந்தாள்.

கடைசியில் கூடப் படிக்கும் பேக்கரிக்காரரின் காலைப் பிடித்தார்.

"அண்ணே, நீங்க அந்தம்மாகூட உக்காருங்க. நான் உங்க ஆளோட உக்காந்துக்கறேன்."

"ஏன், அவங்களுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. நான் தனிக்கட்டை. பொம்பளைங்க முன்னால பேசிப் பழக்கமில்ல."

"கல்யாணமே ஆகலையா? இந்த வயசுலயா?" பேக்கரிக்காரர் உருகிப்போனார். "விடுங்க தம்பி, நான் இருக்கேன்."

இடம் மாறிய ஐந்தாவது நிமிஷம் டீச்சர் இருவரையும் பழைய இடத்துக்கே துரத்தினார். பேக்கரிக்காரர் மட்டும் தன் நாற்காலியை லிஃப்ட்காரருக்குப் பக்கத்தில் இழுத்துப் போட்டுக்கொண்டார். கூச்சப்படும் தம்பிக்குத் தைரியம் கொடுக்கிறாராம்.

அன்றைய புதுக் கேள்வியை டீச்சர் கரும்பலகையில் எழுதினார். வகுப்பு முழுக்க ராகம் போட்டுப் படித்தது. பிறகு ஜோடி ஜோடியாகக் கேட்க வேண்டும்.

அவள் நோட்டை மூடி மடியில் வைத்துக்கொண்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள்.

"ஆர் யூ மேரீட்?"

இந்த முறை கொஞ்சமும் தயங்காமல் கேட்டாள்.

பக்கத்தில் பேக்கரிக்காரர் காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். ஆமாம் என்றால் பொய்யன் ஆகிவிடுவோம். மானம் கப்பலேறும். லிஃப்ட்காரருக்கு வியர்த்தது.

"நோ" என்றார்.

"அப்படித்தான் தம்பி, பளிச்னு சொல்லணும்!" என்று பேக்கரிக்காரர் முதுகில் தட்டினார். அவள் நோட்டைத் திறந்து, அந்த ஒரு சொல்லை எழுதி, மூடினாள். மணி ஏழு ஆகும்வரை நிமிரவில்லை.

அன்றிரவு அவருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பேக்கரிக்காரர் முன்னால் மானத்தைக் காப்பாற்றிக்கொள்ளக் கட்டியவளை இல்லை என்று சொல்லிவிட்டோமே என்று புரண்டு புரண்டு படுத்தார். அவர் நினைப்பதில் என்ன வந்துவிடப் போகிறது? இது அப்போதே ஏன் தோன்றவில்லை?

மறுநாள் லிஃப்ட் ரிப்பேருக்குப் போன கட்டடத்தில், லிஃப்ட் கூண்டின் கூரைமேல் நின்று, "எஸ், ஐ ஆம் மேரீட்! யூ ஆர் மை வைஃப்!" என்று உரக்கச் சொல்லிச் சொல்லிப் பழகினார். நான்காம் மாடியில் லிஃப்டுக்காகக் காத்திருந்த ஒரு அம்மாள் படியிலேயே இறங்கிப் போய்விட்டாள்.

ஐந்தரைக்கே வகுப்புக்கு வந்துவிட்டார். சட்டமாவது ஒன்றாவது, வகுப்பு நடுவில் எழுந்து நின்று தமிழிலேயே மன்னிப்புக் கேட்டு, வீட்டுக்கு வா என்று கூப்பிட்டுவிடுவது என்று தீர்மானம். ஆறு ஆயிற்று. ஆறே கால். எதிர் நாற்காலி காலியாகவே இருந்தது.

வாசலுக்கு ஓடினார்.

"என் ஜோடி வரலையாம்மா?"

பட்டியல்காரப் பெண் ஒரு பெயரைத் தேடி விரல் வைத்தாள். அது அடிக்கப்பட்டிருந்தது.

"காலைல போன் பண்ணிப் பேரை எடுத்துடச் சொல்லிட்டாங்க சார். இனிமே வரமாட்டாங்களாம்."

அவருக்கு மனசைத் தேற்றிக்கொள்ள ஏதாவது வேண்டியிருந்தது.

"பாவம், பாடம் கஷ்டமா இருந்திருக்கும்."

"பாடமா?" அந்தப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "அவங்க மூணு லெவலும் போன வருஷமே முடிச்சிட்டாங்க சார். லிஸ்ட்ல உங்க பேரைப் பாத்துட்டுத்தான் மறுபடி ஒண்ணாம் லெவல்ல சேந்தாங்க. எத்தனை தடவை நீங்க மாத்தச் சொன்னாலும் உங்க எதிர் சீட்டை மட்டும் தனக்கே குடுக்கணும்னு டீச்சர்கிட்ட கெஞ்சினதும் அவங்கதான்."