அளவெடுத்து அடுக்கிய வெங்காயம்

“…பொறந்ததுலேருந்து வெங்காயம் பாக்குறேன் தம்பி, இவ்ளோ கச்சிதமா அளவெடுத்து அடுக்குன வெங்காயத்த இன்னிக்குத்தான் பாக்குறேன்” என்றார், எங்கள் புராஜெக்ட்டுக்கு மதிப்பெண் போடத் திருச்சியிலிருந்து வந்திருந்த பேராசிரியர். பாராட்டு என்று நினைத்து நெளிந்தேன். (அந்த வயதில் யார் எது சொன்னாலும் எனக்குப் பாராட்டுதான்.)

2006. பெரம்பலூர்ப் பக்கம் ஒரு பொறியியல் கல்லூரியில் கடைசி வருடம். கண் டாக்டர்களிடம் ஓ.சி.டி. என்றொரு கருவி உண்டு. கண்ணுக்குள் ஒளியை அனுப்பி, திரும்பி வரும் ஒளியை வைத்தே விழித்திரையை அடுக்கடுக்காகப் படம் எடுத்துவிடும். அதை நானும் என் வகுப்புத் தோழன் செல்வமும் சொந்தமாகச் செய்யப் புறப்பட்டோம். கண்ணைக் கொடுக்க யாரும் முன்வராததால் வெங்காயம். செல்வத்துக்குச் சொந்த ஊர் வெங்காயம் விளையும் செட்டிகுளம், வயலிலிருந்தே ஒரு பை கொண்டுவந்துவிட்டான்.

விளக்கு, கண்ணாடி, திருகாணியெல்லாம் அவன் பொறுப்பு. வரும் சிக்னலைச் சுத்தம் செய்து படமாக்கும் புரோகிராம் என் பொறுப்பு. பழைய புத்தகக் கடையில் வாங்கிய, பாதிப் பக்கம் கிழிந்த புத்தகத்தைப் படித்து நானே எழுதினேன். (விஷயம் கிழிந்த பாதியில் இருந்திருக்கிறது.) சிக்னல் முனகியது. கேட்காத ரேடியோவுக்குச் சத்தம் கூட்டுவதுபோல் கூட்டினேன், ஆயிரம் மடங்கு. அழகாக ஏழு அடுக்கு வந்தது.

“இப்ப வெங்காயத்த எடுத்துருங்க” என்றார் பேராசிரியர்.

எடுத்தோம். திரையில் வெங்காயம் அப்படியே இருந்தது. தன் பேனாவை வைத்தார். வெங்காயம். விரலை வைத்தார். அதுவும் வெங்காயம்.

செல்வத்திடம் சென்னைக் கம்பெனி ஒன்றின் வேலை உத்தரவு இருந்தது. இதில் தேறாவிட்டால் அது வெறும் காகிதம். “எங்கப்பா ஊரு பூராஞ் சொல்லிட்டாருடா” என்றான் காதோரம்.

பேராசிரியர் எழுந்துபோய் மின்விசிறியை நிறுத்தினார். ஏழு அடுக்கும் மாயம். விசிறி ரெகுலேட்டரின் இரைச்சல் எங்கள் வயருக்குள் புகுந்திருக்கிறது. ஒரு பருவம் முழுக்க நான் படம் பிடித்தது அதைத்தான். (இன்றும் செல்வம் வீட்டுக்குப் போனால் அவன் பிள்ளைகள், “மாமா, ஃபேனப் போடவா, வெங்காயம் பாக்குறீங்களா?” என்றுதான் வரவேற்கிறார்கள்.)

“ஃபெயிலா சார்?” என்றேன்.

“சாப்பாட்டு மணிக்கு இன்னும் நேரமிருக்குல்ல? உக்காருங்க” என்று முழுக்கைச் சட்டையை மடித்துக்கொண்டு எங்களுக்கு நடுவில் உட்கார்ந்தார். ஏப்ரல் மாதம், விசிறியும் கிடையாது. நான் கூட்டியதையெல்லாம் குறைத்தேன். செல்வம் திருகாணியை மயிரிழை மயிரிழையாகத் திருப்பினான். மூன்று பேரும் குளித்தவர்கள்போல் நனைந்திருந்த நேரத்தில், திரையில் கோணல்மாணலாக ஒரு கோடு நடுங்கியபடி எழுந்தது. வெங்காயத்தை நகர்த்தினால் கோடும் நகர்ந்தது. எடுத்தால் மறைந்தது.

செல்வம் என் தோளைப் பிடித்த பிடியில் எலும்பு வலித்தது.

பேராசிரியர் இரண்டு பேருக்கும் பாஸ் மதிப்பெண் போட்டுக் கையெழுத்திட்டார். பிறகு செருப்பைக்கூட மாட்டாமல் வராந்தாவுக்கு ஓடி, எங்கள் துறைத் தலைவரைக் கையைப் பிடித்து இழுத்துவந்து அந்தக் கோணல் கோட்டின் முன்னால் நிறுத்தினார்.