கடைவாயில் ஏழு புழுக்கள்

மார்ச் பதினொன்றாம் நாள், செவ்வாய்க்கிழமை. வீங்கிய கன்னத்தோடு ஒரு தையற்காரி, உண்மை பேசிய பல் மருத்துவரை விட்டுவிட்டுப் பொய் பேசுபவரிடம் அழைத்துச் செல்லப்பட்டாள். முறையீடு இதுதான்.

பல் மருத்துவர் முந்தைய நாள் சொன்னார்: "வேர் சிகிச்சை நானே செய்யலாம்மா. ஆனா இந்தக் கடைவாய்ப் பல்லோட வேர் ரொம்ப வளைஞ்சிருக்கு. இதையே தினமும் செய்யற நிபுணர்கிட்ட போனா, பல் தப்பிக்க வாய்ப்பு அதிகம். தள்ளிப்போடாதீங்க, சீழ் பரவும்."

பேருந்து நடத்துநராகிய அவள் கணவனுக்கு அது போதுமாயிற்று. "பாத்தியா, தன்னால முடியலைன்னு அவரே ஒத்துக்கிட்டார்! பல்லுலேருந்து புழு எடுக்கறாரே, அந்தப் புழு வைத்தியர் முடியாதுன்னு ஒரு தடவையாவது சொல்லியிருக்காரா?"

சொன்னதில்லைதான். அறியாமைக்கு ஏது எல்லை?

புழு வைத்தியரின் மாடியறைக்கு ஏறும் படிகளெங்கும் கூட்டம். படிக்கு ஒரு கன்னம். கன்னத்துக்கு ஒரு கை. உள்ளே அவர் வாய்க்குள் புகை ஊதுவார். பஞ்சை விட்டுத் துழாவுவார். கிண்ணத்து நீரில் உதறுவார். வெள்ளைப் புழுக்கள் நெளியும். "வலி போச்சா?" என்பார். அத்தனை பேர் முன்னிலையில் இல்லையென்று சொல்ல எவருக்குத் துணிவு வரும்?

தையற்காரியின் முறை வந்தது. தையல் இயந்திரத்தின் ஒவ்வோர் அதிர்வும் தாடையில் குத்த, மூன்று நாள்களைக் கடத்தியவள் அவள். உடன்வந்த மாமனார் முந்திக்கொண்டார்.

"இரும்மா, எனக்கும் உயிர் போகுது. முதல்ல நான் உக்கார்றேன்."

"உங்களுக்கா மாமா?"

அவர் கண் சிமிட்டினார். அவளுக்கு அந்த வீக்கத்திலும் சிரிப்பு வந்தது. காரணம் வீட்டார்க்கு மட்டுமே தெரியும்.

புகை. பஞ்சு. கிண்ணம்.

"ஏழு! பெரியவரோட கடைவாயில ஏழு புழு! வேரையே அரிச்சிருக்கு!"

"மேல் வரிசையா, கீழ் வரிசையா?"

"ரெண்டுலயும்தான்!"

மாமனார் மேல் வரிசையைக் கழற்றி மேசைமேல் வைத்தார். கீழ் வரிசையை அதனருகில் வைத்தார். பொக்கை வாயால் கேட்டார்: "பிளாஸ்டிக் தின்னுற புழுவா, வைத்தியரே?"

பல்லைப் பார்த்திருந்தால் வைத்தியருக்குத் தெரிந்திருக்கும். பார்ப்பது அவர் வழக்கமன்று.

தையற்காரி அவர் கையிலிருந்த அடுத்த பஞ்சைப் பிடுங்கிப் பிரித்தாள். உள்ளே அவளுக்கென்று நான்கு புழுக்கள் காத்திருந்தன.

"நான் வாயைத் திறக்கவே இல்லையே அண்ணே, அதுக்குள்ள வந்துடுச்சா?"

சிரிப்பு படிக்குப் படி இறங்கித் தெருவை எட்டியது. அவளை அழைத்து வந்த கணவன் தொண்டையைச் செருமினான். "சரி, நாளைக்கு நிபுணர்கிட்ட..."

"நாளைக்கு இல்ல. இப்ப."

இரண்டே அமர்வுகளில் நிபுணர் அந்தப் பல்லைக் காப்பாற்றினார். புகை ஊதவில்லை.

பொய்ப்பல்லில் புழு வைக்காது, வாசகரே. பயன்படுத்தாத தலையில் வைக்கும். ஆகவே, இனி எவர் எதை எடுத்துக் காட்டினாலும், கைதட்டுமுன் பஞ்சைப் பிரித்துக் காட்டச் சொல்லும்!