மண்டைப் பெரியவரும் ஒரு ஜோடி ஷூவும்

விடிந்தும் விடியாததுமாக ஊர்ப் பொதுக்கூடத்தின் வாசலில் கூட்டம் முண்டியடித்தது. தண்ணீர் லாரிக்குக்கூட நம் ஜனங்கள் இவ்வளவு சீக்கிரம் எழுந்து வந்ததில்லை. ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிள்ளை, கக்கத்தில் ஒரு கோழி. பிள்ளை, தலையைக் காட்டுவதற்கு. கோழி, காணிக்கைக்கு.

மண்டைப் பெரியவர் ஊருக்கு வந்திருந்தார்!

அவர் பணத்தைக் கையால் தொடமாட்டார். அப்படி ஒரு துறவு. கோழியைத் தொடுவார். வாங்கி, எடை பார்த்து, கூடத்துக்குப் பின்னால் நிற்கும் தன் வண்டியில் அடைத்துவிட்டு வந்து மறுபடியும் துறவியாக உட்கார்ந்துகொள்வார்.

அவருடைய வித்தை இதுதான். பிள்ளையின் மண்டையை விரலால் தடவிப் பார்த்து, அதற்குள் படிப்பு ஏறுமா ஏறாதா என்று சொல்லிவிடுவார். அதுவும் கண்ணைக் கறுப்புத் துணியால் கட்டிக்கொண்டு. துணியை யார் வேண்டுமானாலும் கட்டலாம், எவ்வளவு இறுக்கியும் கட்டலாம். கூட்டத்துக்கு வேறென்ன வேண்டும்? கண்ணைக் கட்டிக்கொண்டு ஒருவன் எதைச் சொன்னாலும், கண்ணைத் திறந்து வைத்திருப்பவர்கள் நம்பிவிடுவார்கள்.

இந்தப் பெரியவர் எதற்கு வந்தார் என்பதைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் செங்கல் சூளையை விட்டால் வேறு பிழைப்பு இல்லை. சூளையில் கல் சுமப்பவர்களின் பிள்ளைகள் ஐந்தாம் வகுப்பை முடித்ததும் தாங்களும் கல் சுமக்கப் போய்விடுவார்கள். இதைக் கேள்விப்பட்டுப் பட்டணத்தில் ஒரு சங்கம் முன்வந்தது. ஐந்து ஏழைப் பிள்ளைகளை நாங்கள் பட்டணத்துப் பள்ளியில் சேர்க்கிறோம், தங்க இடம், சாப்பாடு, புத்தகம் எல்லாம் எங்கள் பொறுப்பு, பிள்ளைகளை மட்டும் தேர்ந்தெடுத்துச் சொல்லுங்கள் என்று ஊர்க் குழுவுக்குத் தகவல் அனுப்பியது.

குழுவின் தலைவர் யார்? சூளை முதலாளி. பிள்ளைகள் படிக்கப் போய்விட்டால் நாளைக்குக் கல் சுமக்க ஆள் எங்கே என்று யாருக்குக் கவலை இருக்குமோ, அவரேதான். பிள்ளைகளைத் தேர்ந்தெடுக்க மண்டைப் பெரியவரை வரவழைத்தவரும் அவரே.

"யாரு படிக்கிற பிள்ளைங்கன்னு நான் இப்பவே சொல்றேனே, இதுக்கு எதுக்குங்க பெரியவரு?" என்று பள்ளிக்கூடத்து டீச்சர் கேட்டுப் பார்த்தார்.

"டீச்சர், உங்களுக்கு மார்க்குதான் தெரியும். மண்டைக்குள்ள என்ன இருக்குன்னு தெரியுமா?" என்றார் முதலாளி. கூட்டம் கை தட்டியது.

பெரியவர் இரண்டு நிபந்தனைகள் வைத்தார். ஒன்று, மரத்தடி கூடாது. மண்ணில் அதிர்வு கலைந்துவிடுமாம். சிமெண்டுத் தரை போட்ட கூடம்தான் வேண்டும். இரண்டு, பிள்ளை உள்ளே நடந்து வரும்போது ஒருவரும் வாய் திறக்கக் கூடாது. மூச்சைக்கூடச் சத்தமில்லாமல் விட வேண்டும். "ஆகா, எவ்வளவு பக்தி!" என்று ஜனங்கள் உருகிப் போனார்கள்.

பார்வை தொடங்கியது. முதலில் முதலாளியின் மகன். சூளையில் எல்லோரும் அவனைச் சின்னவர் என்பார்கள். ஏழைப் பிள்ளைகளின் இடத்தில் இவனுக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். முதலாளியும் ஒரு விதத்தில் ஏழைதானே, இன்னும் இரண்டாவது லாரி வாங்கவில்லை. சின்னவர் டக் டக்கென்று நடந்துபோய் உட்கார்ந்தான். பெரியவர் தலையைத் தடவினார். முகம் மலர்ந்தது.

"சிங்க மண்டை! இந்தப் பிள்ளை படிச்சு நாட்டையே ஆளும்!"

அடுத்துக் கடைக்காரர் மகள், குமாஸ்தாவின் இரண்டு பிள்ளைகள். எல்லாமே யானை மண்டை, கழுகு மண்டை. அப்புறம் காவல்காரரின் மகன் போனான். ஏழும் எட்டும் எவ்வளவு என்று கேட்டால் எழுபத்தெட்டு என்பவன். "கணக்கு மண்டை!" என்று கூவினார் பெரியவர். பெற்ற அப்பனே திடுக்கிட்டுப் போனான்.

ஐந்து இடமும் முடிந்தது. ஆனாலும் வரிசை கலையவில்லை. கொண்டுவந்த கோழியை என்ன செய்வது?

வரிசையில் வாயாடி நின்றிருந்தாள். அப்படித்தான் ஊரில் அவளைக் கூப்பிடுவார்கள். சூளையில் கல் சுமக்கும் ஒருத்தியின் மகள். வகுப்பில் டீச்சர் ஒன்று சொன்னால் இவள் மூன்று கேட்பாள். செங்கல் அடுக்கியிருக்கும் அட்டியை நின்று பார்த்து மொத்தம் எத்தனை கல் என்று சொல்லிவிடுவாள். பட்டணத்துப் பள்ளிக்கு வாயாடிதான் முதலில் போவாள் என்று டீச்சர் அவள் அம்மாவிடம் எப்போதோ சொல்லியிருந்தார். அந்த ஒரு வார்த்தையை நம்பித்தான் அந்த அம்மாள் பெண்ணை இதுவரை சூளைப் பக்கம் வேலைக்கு விடாமல் வைத்திருந்தாள்.

வாயாடி சத்தமில்லாமல் நடந்துபோய் உட்கார்ந்தாள். பெரியவர் தலையில் கை வைத்தார். விரலில் செம்மண் புழுதி ஒட்டியது. வேட்டியில் துடைத்துக்கொண்டார்.

"களிமண் மண்டை. சுட்டா செங்கல் ஆகும். படிச்சா விரிசல் விட்டுடும். வேலைக்கு அனுப்புங்க."

சூளை ஆட்களின் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் இதே தீர்ப்புதான். பரிகாரம் இல்லையா என்றால் இருக்கிறது. மண்டை திறக்கும் தைலம். விலை, இன்னொரு கோழி.

வாயாடியின் அப்பா வீட்டிலிருந்த கடைசிக் கோழியையும் கொடுத்துத் தைலத்தோடு வந்தார். வாசலில் உட்கார்ந்து நெற்றியில் அடித்துக்கொண்டார்.

"நம்ம தலையெழுத்து அவ்வளவுதான். திங்கக்கிழமையிலேருந்து அவளையும் சூளைக்குக் கூட்டிட்டுப் போ."

"தலைய தடவிப் பாத்தவன் அவ எழுதின நோட்ட ஒரு தடவ புரட்டிப் பாத்தானா?" என்றாள் அம்மா.

"அவரு பெரியவருடி! கண்ணக் கட்டிட்டு சொல்றாரு!"

"கண்ணத்தானே கட்டுனான். காதக் கட்டுனானா?" வாயாடி மூலையிலிருந்து கேட்டாள்.

அப்பா முறைத்தார். அம்மா திரும்பிப் பார்த்தாள். "என்னடி சொல்ற?"

"எழுபத்தெட்டுக்காரன் எப்படிம்மா பாஸானான்? இன்னிக்கு அவன் சின்னவரோட பழைய ஷூவ போட்டுட்டு வந்திருந்தான். டக்கு டக்குனு நடந்தான். பாஸான எல்லாருமே டக்கு டக்கு. நாங்கதான் வெறுங்கால்."

அம்மா அப்படியே உட்கார்ந்துவிட்டாள். சிமெண்டுத் தரை. பேசக் கூடாது. மூச்சு விடக் கூடாது. தலையில் புழுதி இருக்கிறதா, எண்ணெய் இருக்கிறதா என்று விரல் சொல்லிவிடும். மிச்சத்தைக் காது சொல்லிவிடும். அடப்பாவி, இதற்கா இரண்டு கோழி! அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அப்போதே போய்ப் பெரியவரின் தாடியைப் பிடித்து உலுக்கியிருப்பாள். ஆனால் அதைச் செய்தால் ஊர் அவளைத்தான் பைத்தியம் என்று சொல்லும். ஊரே பார்க்க அவன் வாயாலேயே உண்மையை வரவழைக்க வேண்டும்.

மறுநாள் பட்டணத்துச் சங்கத்திலிருந்து ஒரு அம்மா வருவதாக இருந்தது. அவர் எதிரில் பெரியவர் இன்னொரு முறை பார்த்துக் காட்ட வேண்டும், தன் மகனின் சிங்க மண்டையைப் பட்டணமும் அறிய வேண்டும் என்று முதலாளிக்கு ஆசை. வாயாடியின் அம்மாவுக்கு இது போதும்.

ஷூவுக்கான பேச்சுவார்த்தையை வாயாடியே முடித்தாள்.

"டேய், உன் ஷூவ குடு."

"எதுக்கு?" என்றான் சின்னவர்.

"உன்ன ஹாஸ்டலுக்கு அனுப்பாம இருக்கிறதுக்கு."

"இந்தா!" என்று அடுத்த நொடியே கழற்றிக் கொடுத்தான். அவனுக்குப் பட்டணமும் வேண்டாம், நாட்டை ஆளவும் வேண்டாம். அப்பாவின் டிராக்டரை ஓட்ட வேண்டும், அவ்வளவுதான். "வேற ஏதாவது பண்ணணுமா?" என்றும் கேட்டான்.

"சூளை மண்ணுல ஒரு குட்டிக்கரணம் போட்டுட்டு வா."

அவன் ஆசை தீரப் புரண்டுவிட்டு வந்தான்.

கூடத்தில் உட்கார இடமில்லை. சங்கத்து அம்மா முன்வரிசையில் இருந்தார். பக்கத்தில் முதலாளி சிரித்த முகத்தோடு. பெரியவரின் கண்ணைச் சங்கத்து அம்மாவே இறுக்கிக் கட்டினார். "சத்தம் கூடாது! வாய் திறந்தால் வித்தை கலையும்! பிறகு என்னைக் குறை சொல்லக் கூடாது!" என்று பெரியவர் முழங்கினார். கூடம் அடங்கியது. ஒவ்வொரு பிள்ளையாக உள்ளே அனுப்பும் வேலையை வாயாடியின் அம்மா கேட்டு வாங்கியிருந்தாள். காசில்லாமல் செய்கிற வேலையை யார் தடுக்கப் போகிறார்கள்?

முதலில் சின்னவர். வெறுங்கால், தலை நிறையச் செம்மண். பூனை மாதிரி நடந்து வந்து உட்கார்ந்தான். முதலாளியின் சிரிப்பு பாதியில் நின்றது. என்ன கோலம் இது என்று எழுந்தார். சங்கத்து அம்மா உதட்டில் விரல் வைத்து உட்காரச் சொன்னார். பெரியவர் போட்ட சட்டமாயிற்றே!

பெரியவர் தடவினார். விரலை வேட்டியில் துடைத்தார்.

"களிமண் மண்டை! சுட்டா செங்கல் ஆகும். இதுக்குப் படிப்பு எதுக்கு? பொழுது விடிஞ்சா சூளைக்கு அனுப்புங்க. நாலு கல்லாவது தூக்கட்டும்."

முதலாளியின் முகம் அவருடைய செங்கல்லைவிடச் சிவந்தது. வாய் திறக்க முடியவில்லை. சின்னவரோ பரம சந்தோஷமாக எழுந்து வந்தான்.

அடுத்து வாயாடி. தலைக்குக் குளித்து எண்ணெய் வைத்துப் படிய வாரியிருந்தது. காலில் சின்னவரின் ஷூ. கொஞ்சம் பெரிசு, அதனால் சத்தமும் பெரிசு. டக், டக், டக்.

பெரியவர் கை வைக்குமுன்பே முகம் மலர்ந்துவிட்டது. "ஆகா! சிங்க மண்டை! இந்தப் பிள்ளை படிச்சு நாட்டையே ஆளும்!"

கூட்டத்தில் யாரோ களுக்கென்று சிரித்து வாயைப் பொத்திக்கொண்டார்கள். வாயாடியின் அம்மா கையைக் காட்டினாள். வாயாடி ஷூவைச் சத்தமில்லாமல் கழற்றி வைத்தாள். கதவுப் பக்கம் போய் ஒரு பிடி செம்மண்ணைத் தன் தலையில் தானே போட்டுக்கொண்டாள். மறுபடியும் நடந்து வந்து, அதே பலகையில், அதே மண்டையோடு உட்கார்ந்தாள்.

"ஐயோ பாவம்," என்றார் பெரியவர். "களிமண். சுட்டா செங்கல்..."

அவ்வளவுதான். கூடம் வெடித்துச் சிரித்தது. அம்மா போய் அவருடைய கண்கட்டை அவிழ்த்துவிட்டாள்.

"நல்லா பாத்துக்குங்க பெரியவரே. ஒரே பொண்ணு. ஒரே மண்டை. ஷூ போட்டா சிங்கம், கழட்டுனா களிமண்ணா?"

பெரியவர் விழித்தார். "அதிர்வு... அதிர்வு கலைஞ்சிடுச்சு..."

"ஃபிராடு!" முதலாளி பாய்ந்து எழுந்தார். "என் பையன் மண்டை களிமண்ணா? அவன் கல்லு தூக்கணுமா? ஊர ஏமாத்துற திருட்டுப் பயலே!"

அம்மா அவர் பக்கம் திரும்பினாள். இவ்வளவு நாள் அவர் எதிரில் நிமிர்ந்து நின்று பேசாதவள்.

"முதலாளி, இதே வாய்தான் நேத்து என் பொண்ண களிமண்ணுன்னு சொல்லுச்சு. அப்ப உங்களுக்கு அது தெய்வ வாக்கு. இன்னிக்கு உங்க பையனச் சொன்னதும் ஃபிராடா?"

முதலாளி உட்கார்ந்தார்.

சங்கத்து அம்மா எழுந்து டீச்சரைத் தேடினார். "டீச்சர், நீங்க சொல்லுங்க. யாரு படிக்கிற பிள்ளைங்க?" முதல் நாளே கேட்டிருக்க வேண்டிய கேள்வி. டீச்சர் மூச்சு விடாமல் சொன்னார். முதலில் வாயாடி, அப்புறம் சூளை வரிசை வீடுகளிலிருந்து நான்கு பிள்ளைகள்.

வாயாடியின் அப்பா கூட்டத்துக்குப் பின்னால் தைலப் புட்டியோடு நின்றிருந்தார். மகளைப் பார்க்க வெட்கமாக இருந்தது அவருக்கு. அவளே ஓடிவந்தாள்.

"அப்பா, அந்தத் தைலத்த என்ன பண்ணலாம்?"

"அந்தாளு மண்டையிலயே ஊத்திடலாம்மா. அதுதான் தொறக்கணும்," என்றார். சொல்லிவிட்டு அழுதார், சிரிக்கவும் சிரித்தார்.

ஊற்ற முடியவில்லை. பெரியவர் அதற்குள் பின்வாசல் வழியாகப் பாய்ந்துவிட்டார். வண்டி நின்றது நின்றபடியே கிடக்க, கோழிகள் ஊருக்குத் திரும்பின. இருப்பதிலேயே கொழுத்தது தன்னுடையதுதான் என்று ஆளாளுக்குச் சாதித்ததில் அன்று சாயங்காலம் வரை சண்டை ஓயவில்லை. அவசரத்தில் பெரியவர் தன் செருப்பையும் விட்டுவிட்டு வெறுங்காலோடு ஓடியிருந்தார். அவர் சாத்திரப்படியே பார்த்தால் அவருக்கும் படிப்பு ஏறாது.

திங்கட்கிழமை சூளைக்குப் போக வேண்டிய வாயாடி பட்டணத்து பஸ்ஸில் ஏறினாள். சங்கம் வாங்கிக் கொடுத்த புது ஷூவைக் காலில் போடாமல் மடியில் வைத்துக்கொண்டு, அம்மா கண்ணிலிருந்து மறைகிற வரை ஜன்னல் வழியாகக் கேள்வி கேட்டுக்கொண்டே போனாள்.

இப்போது பக்கத்து ஊருக்கு ஒருவர் வந்திருக்கிறாராம். மண்டை இல்லை, இவர் காது மடலைப் பார்ப்பாராம். இங்கிருந்தும் சிலர் கோழியோடு கிளம்பிவிட்டார்கள் என்று கேள்வி. போகிறவர்களே, உங்கள் பிள்ளையின் தலைக்குள் என்ன இருக்கிறது என்று அவரிடம் கேட்கும் முன்னால், உங்கள் தலைக்குள் இருப்பதை ஒரே ஒருமுறை பயன்படுத்திப் பாருங்கள். அதற்குக் கோழி தேவையில்லை.