ஆக்டோபஸ் ஏன் தவழ்கிறது?

‘தவழ்தலை அவ்வுயிர் உவப்பது எற்றுக்கு?’ என்று கேட்டிருந்தது தாளில்.

தையல்காரி பத்தியை மறுபடி படித்தாள். ஆக்டோபஸைப் பற்றி ஏழெட்டு வரி. ‘மூவிதயங்களுள் ஒன்று நீந்துங்கால் ஒடுங்குதலின்...’ என்று போய்க்கொண்டே இருந்தது. ஒரு மண்ணும் புரியவில்லை.

மகளுக்கு இந்தப் பள்ளியில் இடம் கேட்டிருந்தாள். திடீரென்று போன். “ஒரு சின்னப் பத்தியைப் படிச்சுட்டு, கேள்விக்குப் பதில் எழுதிக் குடுத்துட்டுப் போங்கம்மா.” இப்போதெல்லாம் பெற்றவர்களுக்கும் பரீட்சை வைக்கிறார்கள் போலிருக்கிறது என்று அடித்துப் பிடித்து ஓடிவந்திருந்தாள்.

யோசித்து யோசித்து, ‘குழந்தை என்பதால்’ என்று எழுதிக் கொடுத்தாள்.

அதைப் படித்ததும் டீச்சரின் முகமெல்லாம் மலர்ந்தது. “பிரமாதம்! இதைத்தான் எதிர்பார்த்தோம். நாளைக்கும் வர முடியுமா?”

கேலியா, பாராட்டா? ஒன்றும் பிடிபடவில்லை. வாசலில் நின்ற பியூனிடம் மற்றப் பத்திகள் உள்ள தாள்களைக் கேட்டாள்.

“எடுத்துட்டுப் போங்கம்மா. கட்டுக்கட்டாக் கெடக்கு.”

புருஷன் லாரி மெக்கானிக். வீட்டில் அவனுக்குப் பத்தியை வாசித்துக் காட்டினாள். “ஏங்க, ‘ஒடுங்குதலின்’னா என்னங்க?”

“இன்ஜின் ஆஃப் ஆயிடுதுன்னு அர்த்தம்.”

“ஆக்டோபஸுக்கு ஏதுங்க இன்ஜின்?”

“மூணு இருக்குன்னு நீதானே வாசிச்சே? நீந்தும்போது ஒண்ணு படுத்துடுது. அதான் தவழ்ந்தே போகுது. நம்ம லாரியும் அப்படித்தான்.”

அவளுக்குப் பளிச்சென்று விளங்கிவிட்டது. அதே சூட்டில் தேனீ, பனிப்பாறை, வௌவால் எல்லாவற்றையும் தையல் மிஷின் மேல் பரப்பி வைத்து உருப்போட்டாள்.

“அக்கா, என் சட்டைக்கு மூணு கை வெச்சிருக்கீங்க!” என்று அலறினான் ஒரு வாடிக்கையாளன்.

“எட்டு வைக்கலையேன்னு சந்தோஷப்படுங்க தம்பி. பிரிச்சுத் தர்றேன்.”

மறுநாள் எல்லாப் பதிலும் சரி. டீச்சரின் முகம் தொங்கிப்போயிற்று.

“எங்கேயாவது குழப்பமா இருந்துச்சா? யோசிச்சுச் சொல்லுங்க.”

தப்பாக எழுதினால் சிரிக்கிறாள், சரியாக எழுதினால் வாடுகிறாள். இது என்ன கூத்து? காப்பியடித்ததாக நினைத்துவிட்டாளோ?

“இல்லவே இல்லை டீச்சர். இதைவிடக் கஷ்டமா ஒண்ணு குடுங்களேன்.”

எரிமலையைக் கொடுத்தார்கள். அதுவும் அவள் உருப்போட்ட தாள்களில் இருந்ததுதான். கண்ணை மூடிக்கொண்டு எழுதிவிட்டாள். டீச்சர் பெருமூச்சு விட்டாள்.

“நிஜமாவே எல்லாம் புரிஞ்சுதா?”

“இதென்ன பிரமாதம்? சின்னப் பிள்ளைக்குக்கூடப் புரியும் டீச்சர்!”

டீச்சர் தாள்கட்டின் மேல் கையெழுத்துப் போட்டு, பியூனைக் கூப்பிட்டுக் கொடுத்தாள்.

தையல்காரி அவன் பின்னாலேயே ஓடினாள். “அண்ணே, எம் பொண்ணுக்கு இடம் கிடைச்சுடுமா?”

“அது முந்தியே முடிவாயிடுச்சும்மா. பரீட்சை உங்களுக்கில்ல, புதுப் பாடப் புத்தகத்துக்கு. உங்களுக்குப் புரியாததையெல்லாம் எளிசா மாத்தி எழுதலாம்னு இருந்தாங்க, நீங்கதான் சின்னப் பிள்ளைக்கும் புரியும்னுட்டீங்களே, உங்க பொண்ணு வகுப்புக்கு அப்படியே அச்சடிக்கக் குடுக்கப் போறேன்.”